குலசை: கடற்கரைக்கு வருமுன்பே நடந்துவிடும் தசரா

புரட்டாசியில் சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடி கடைவீதிகளில் காளியைப் பார்க்க மெனக்கெட வேண்டியதில்லை. பலசரக்குக் கடை வாசலில் சூலத்தோடு நிற்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் லத்தியைச் சுழற்றிக்கொண்டிருப்பார். நிஜப் போலீஸ் சற்றுத் தள்ளிப் போக்குவரத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும். குரங்கு ஒன்று பழக்கடைத் தாரின் மேல் கண் வைத்திருக்கும். சேலை கட்டி, பூச்சூடி, வளையல் போட்ட ஒருவர் உண்டியலை நீட்டுவார். மீசை மழித்திருந்தாலும் முழங்கை நரம்பு கொத்து வேலை செய்கிறவருடையது என்று காட்டிக்கொடுக்கும். கடைக்காரர் கல்லாவிலிருந்து பணம் எடுத்துப் போடுவார். வீட்டுப் பெண்கள் ஓடிவந்து காளியின் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். காளி திருநீறு பூசிவிடுவாள். மேளம் அடுத்த கடைக்கு நகரும்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கான காணிக்கை வசூல் இது. ஊர்க்காரர்கள் வாயில் குலசேகரன்பட்டினம் எப்போதும் குலசைதான்.

தொலைக்காட்சிக் கேமராக்கள் வருவது பத்தாம் நாள் இரவுக்கு. கடற்கரையில் லட்சக்கணக்கில் கூட்டம், நள்ளிரவில் மகிஷாசுரன் தலை விழுகிறது, மறுநாள் நாளிதழில் படம். ‘மைசூருக்கு அடுத்தபடியாகத் தசரா விமரிசையாக நடக்கும் ஊர்’ என்ற வரி வருடம் தவறாமல் அச்சாகிறது. அந்த ஒப்பீட்டில் பெரிய பொருத்தம் இல்லை. மைசூர் தசரா அரண்மனை வழி வந்தது. யானை மேல் தங்க அம்பாரி போகும். ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று பார்ப்பார்கள். குலசையில் ஒதுங்கி நின்று பார்க்க ஓரம் கிடையாது. வந்திருப்பவர்களில் பாதி வேடம் கட்டியவர்கள், மீதி அவர்களுடைய வீட்டார். இத்தனை ஆயிரம் சாதாரண மனிதர்கள் ஒரே சமயத்தில் அரிதாரம் பூசித் தெருவில் இறங்கும் இன்னொரு விழாவைத் தமிழ்நாட்டில் சொல்வது கடினம். அவர்களில் ஒருவர்கூட தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால் ‘நேர்த்திக்கடன்’ என்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே குலசை தசராவைப் பார்க்க விரும்புகிறவர் பத்தாம் நாள் கடற்கரையில் நெரிபடுவதைவிட, ஐந்தாம் ஆறாம் நாளில் சுற்றுவட்டாரத்து ஊர் ஒன்றில் போய் நிற்பது நல்லது. விழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சின்னக் கரை, பல தெய்வம்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கன்னியாகுமரி நோக்கிப் போகும் கடலோரச் சாலையில் சுமார் 13 கிலோமீட்டரில் குலசை வந்துவிடும். அந்தக் கரையை வடக்கே காயல்பட்டினத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எத்தனை உலகங்கள் என்ற வியப்பு வரும். பழைய பள்ளிவாசல்கள் நிறைந்த காயல்பட்டினம், மாதா கோயில் கோபுரம் உயர்ந்து நிற்கும் வீரபாண்டியன்பட்டினம், அலை வந்து மோதும் முருகன் கோயிலோடு திருச்செந்தூர், பிறகு ஆலந்தலை மீனவர் குடியிருப்பு, குலசை. குலசையைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணப்பாடு. 1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கியதாகப் போற்றப்படும் குகை அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-ஆம் தேதியை ஒட்டி நடக்கும். அந்தக் கூட்டம் கலைந்து சில நாள்களிலோ வாரங்களிலோ அதே சாலையில் குலசைக் கூட்டம் வரத் தொடங்கும்.

கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடந்தால் காட்சி அடியோடு மாறும். செக்கச் சிவந்த மணல் மேடுகள் கொண்ட தேரிக்காடு, அதில் பனை, கொல்லாமரம், உடைமுள். இந்தப் பனைகளின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் உடன்குடிக் கருப்பட்டி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கடலில் வலை போடுகிறவர், உப்பளத்தில் வாருகிறவர், பனையேறுகிறவர், சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்துப் பிழைக்கப் போனவர் என்று பலதரப்பட்ட குடும்பங்களுக்கு முத்தாரம்மன் பொதுத் தாய். அம்மை போட்ட வீட்டில் அவள் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்.

கோயில் பெரிய கோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் கொண்டதல்ல. இந்துசமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கும் இதன் கருவறையில் ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். சிலைகள் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் செதுக்கப்பட்டவை, சிற்பியின் கனவில் அம்மனே உத்தரவு கொடுத்தாள் என்று தல வரலாறு சொல்கிறது. கனவை நம்புவது அவரவர் விருப்பம். மயிலாடியின் கல்தச்சர்கள் இன்றும் தென் மாவட்டக் கோயில்களுக்குச் சிலை வடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது கண்கூடு.

தசராவுக்கான கதையும் உள்ளூர்த் தன்மை கொண்டதுதான். வரமுனி என்றொரு முனிவர் தவம் கொடுத்த செருக்கில், வழியில் வந்த அகத்தியரை மதிக்கத் தவறினார். அகத்தியர் கோபித்து, எருமைத் தலையோடு அசுரனாகப் பிறக்கச் சாபமிட்டார். அவன்தான் மகிஷாசுரன். பொதிகைமலைக்காரரான அகத்தியரைக் கொண்டுவந்து புராணத்தைத் தாமிரபரணிப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள் நம் ஆள்கள்.

காப்பும் குடிலும்

கொடியேறும் நாளுக்குப் பல வாரம் முன்பே விரதம் தொடங்கிவிடும். 48 நாள், 41 நாள், 21 நாள், 11 நாள் என்று அவரவர் வேண்டுதலுக்கும் உடம்புக்கும் ஏற்றபடி கணக்கு. குலசைக் கடலில் குளித்து, கோயிலில் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு, செவ்வாடை உடுத்தி ஊர் திரும்புவார்கள். ஊரில் ஓலையால் ஒரு குடில் போட்டு அம்மன் படம் வைத்திருப்பார்கள். காளி வேடம் கட்டப்போகிறவர் பெரும்பாலும் வீட்டை விட்டு அந்தக் குடிலுக்கு வந்துவிடுவார். ஒரு வேளைச் சாப்பாடு, அதையும் தானே பொங்கித் தின்பது, தரையில் படுக்கை, காலில் செருப்பு கிடையாது. குடிக்கிற பழக்கம் உள்ள கணவன் வருடத்தில் இந்த ஒன்றரை மாதமாவது தெளிவாக இருக்கிறான் என்று நன்றி சொல்லும் மனைவிமார் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

கொடியேறியதும் காப்புக் கட்டுதல். மஞ்சள் தடவிய கயிறு மணிக்கட்டில் ஏறிய பிறகு ஆள் தன் சொந்தப் பெயரில் பாதியை இழந்துவிடுகிறார். அண்ணாச்சியாக இருந்தவர் சாமி ஆகிவிடுகிறார். பெற்ற தாயே ‘வாங்க சாமி’ என்பாள்.

வேடம் தேர்வதற்கு ஒரே விதி என்று இல்லை. குழந்தை பிறந்தால் குறத்தி வேடம், நோய் தீர்ந்தால் காளி வேடம் என்று முன்பே வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. கனவில் வந்தது என்பவர் உண்டு. சாமியாடி குறி சொல்லி வாங்கிக் கொடுத்த வேடமும் உண்டு. காளி, மகிஷாசுரன், எமன், சித்திரகுப்தன், அனுமன், கிருஷ்ணன், ராஜா ராணி, குறவன் குறத்தி, கரடி, குரங்கு, டாக்டர், நர்ஸ், போலீஸ், செவ்விந்தியர், பைத்தியக்காரர் என்று போகும் பட்டியலில் புராணத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே வேலி எதுவும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையை அம்மனாக்கித் தோளில் தூக்கிவருகிறார்கள். எழுபது வயதுக் கிழவர் வாய்நிறையச் சாயம் பூசிக் குறத்தியாக வெற்றிலைக் கூடையோடு நடக்கிறார்.

பார்வைக்கு எளிது, செய்யக் கடினம் என்றால் அது பிச்சைக்காரர் வேடம். கிரீடம் கிடையாது, மேளம் கிடையாது. கந்தல் துணியும் தகரக் குவளையும் போதும். ஊரில் மாடிவீடு, வெளியூரில் இரண்டு கடை என்று இருப்பவர்கூட இந்த வேடத்தை ஏற்று, தன்னிடம் கடன் வாங்கியவன் வீட்டு வாசலிலேயே கையேந்தி நிற்க வேண்டும். அரிதாரம் இருந்தால் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம். இதில் அந்த வசதி இல்லை.

ஆண்கள் பெண் வேடம் கட்டுவதை வெளியூர்ச் செய்தியாளர்கள் அதிசயமாக எழுதுகிறார்கள். நெல்லைச் சீமைக்கு அது புதிதல்ல. சுடலைமாடன் கொடையில் மகுடம் அடித்து நடக்கும் கணியான் கூத்தில் ஆண்கள்தான் சேலை கட்டிச் சலங்கையோடு ஆடுவார்கள். அதைத் தாத்தா காலத்திலிருந்து பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை.

காளி வேடம் தனி ரகம். தலையில் ஏற்றும் கிரீடம், முதுகில் இறங்கும் சடைமுடி, தோளில் கட்டும் கூடுதல் கைகள், நெற்றிக்கண், வெளியே தொங்கும் நாக்கு, கழுத்தில் மண்டையோட்டு மாலை என்று எல்லாவற்றையும் சுமந்து, புரட்டாசி வெயிலில், வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்க வேண்டும். ஆடும்போது பக்கத்தில் இருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்பார்கள். அருள் வந்து ஆடுகிறாரா, பசியும் வெயிலும் சேர்ந்து தள்ளாடுகிறாரா என்று பிரித்துப் பார்க்க முடியாத நேரங்கள் உண்டு. பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றுவதும் இல்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கி வாயில் பிழிந்துவிட்டு, அடுத்த தெருவுக்கு நடத்திக்கொண்டு போவார்கள்.

செட்டு சேர்வது எப்படி

தனி ஆளாக வேடம் கட்டி வசூலுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் விழாவைத் தாங்குவது தசராக் குழுக்கள். பேச்சு வழக்கில் ‘செட்டு’. ஒரு தெருவுக்கு ஒரு செட்டு, ஒரு ஊரில் மூன்று நான்கு செட்டு என்று இருக்கும். கோயிலில் பதிவு செய்துகொண்ட குழுக்கள் தங்கள் ஆள்களுக்கான காப்புக் கயிறுகளை மொத்தமாக வாங்கிப்போவது வழக்கம். தலைவர், கணக்குப் பார்ப்பவர், வேன் பேசுபவர், சமையலுக்குப் பொறுப்பானவர் என்று வேலைகள் பிரிந்துவிடும். இன்றைக்கு எந்த ஊர் வசூல், நாளைக்கு எந்த ஊர், எந்தச் சந்திப்பில் எதிர்ச் செட்டோடு முட்டாமல் விலகுவது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்கப்படும். முடிக்காவிட்டால் இரண்டு மேளமும் ஒரே முச்சந்தியில் நேருக்கு நேர் நின்று, யார் முதலில் நிறுத்துவது என்று மானப்பிரச்சினையாகிவிடும். கேட்கிறவர்களுக்கு அது கொண்டாட்டம்தான்.

இந்தச் செட்டுகள்தான் தென்கோடிக் கிராமியக் கலைஞர்களுக்குப் புரட்டாசி மாத முதலாளிகள். நையாண்டி மேளக்காரர்கள், கரகாட்டக்காரர்கள், தப்பாட்டக் குழுக்கள், வில்லிசைக்காரர்கள் ஆகியோரின் ஆண்டு நாள்காட்டி கோயில் கொடைகளை வைத்தே ஓடுகிறது. சித்திரை, வைகாசியில் ஒரு சுற்று, ஆடி, ஆவணியில் இன்னொரு சுற்று. கொடைகள் ஓயும் சமயத்தில் தசரா வந்து பத்து நாள் தொடர்ச்சியாக வேலை கொடுக்கிறது. அதுவும் ஒரே மேடையில் அல்ல. காலையில் ஓர் ஊர், மதியம் வேறு ஊர், இரவு செட்டு தங்கும் இடத்தில் ஆட்டம். நாதசுரக்காரரின் உதடு தடிக்கும், தவில்காரரின் விரல் கூடு தேயும். பேசிய கூலிக்கு மேல், ஆட்டம் பிடித்துப்போனவர்கள் சட்டையில் குத்தும் ரூபாய் நோட்டுகளும் சேர்ந்தால்தான் அவர்களுக்குத் தீபாவளி.

சில ஆண்டுகளாகக் கேரளத்துச் செண்டையும் இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. ஒரே மாதிரி வேட்டி, ஒரே மாதிரி அசைவு, செல்போன் காணொளியில் எடுப்பாகத் தெரிகிறது என்று இளவட்டங்கள் அதைக் கேட்கிறார்கள். நையாண்டி மேளத்துக்கு அதில் வருத்தம் உண்டு. காளி அருள் வந்து ஆட வேண்டுமானால் உறுமியும் பம்பையும்தான் வேண்டும், செண்டைக்கு அவள் நகர மாட்டாள் என்று பழைய ஆள்கள் வாதாடுகிறார்கள். இது தொழில் போட்டியில் பிறந்த பேச்சாக இருக்கலாம். ஆனாலும் உறுமி இழுக்கும் அந்த ஒரு நொடியில் காளி வேடக்காரரின் தோள் குலுங்குவதைப் பார்த்தவர்கள் வாதத்தை அத்தனை சுலபமாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

மேளத்தோடு போயிருந்தால் சிக்கலில்லை. வசூல் பெருகப் பெருக, செட்டுகளுக்கிடையே யார் பெரிய கலைநிகழ்ச்சி வைப்பது என்ற போட்டியும் வளர்ந்தது. சினிமா, சின்னத்திரை நடிகைகளை அழைத்து ஆடவிடுவது, ஆபாசப் பாட்டுக்குக் குத்தாட்டம் போடுவது என்று போய், விவகாரம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை சென்றது. ஆபாச நடனம் கூடாது, பக்திப் பாடல்களே ஒலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் தங்கள் பங்குக்கு, கூரிய இரும்பு ஆயுதங்கள் கொண்டுவரக் கூடாது, சாதி அடையாளமுள்ள கொடியோ ரிப்பனோ சட்டையோ கூடாது என்று ஆண்டுதோறும் அறிவிக்கின்றன. இரண்டும் தேவையான கட்டளைகளே. காளியின் கையில் இருப்பது அட்டை வாளாக இருந்தால் அம்மனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சாதி ரிப்பனை அவிழ்ப்பதுதான் சிரமமாக இருக்கிறது. எல்லாச் சாதிக்கும் பொதுவான தாய் என்று சொல்லிக்கொண்டே, வேன் முகப்பில் எந்த நிறத் துணி கட்டுவது என்று சண்டை போட்டால் அவள்தான் என்ன செய்வாள்?

பக்திப் பாட்டு எது, சினிமாப் பாட்டு எது என்ற கோடு மட்டும் கொஞ்சம் வழுக்கும். கிராமத்து ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் அம்மன் பாட்டுகளில் பல சினிமா மெட்டில் அமைந்தவை. ஆடி மாதம் முழுக்கத் தமிழ்நாட்டை எழுப்பும் அம்மன் பாடல்களைப் பாடிய எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்தான் ஒரு காலத்தில் திரையில் கேளிக்கை விடுதிக் காட்சிகளுக்கும் பாடியது. மேளக்காரர் வாய்ச்சொல் இல்லாமல் மெட்டை மட்டும் நாதசுரத்தில் ஊதினால் எந்தச் சட்டத்தால் தடுப்பது?

நள்ளிரவுக்குள் நான்கு தலை

கோயிலுக்குள் இந்தப் பத்து நாளும் தனி ஒழுங்கில் நகர்கின்றன. முதல் இரவு சிம்ம வாகனத்தில் துர்க்கை, இரண்டாம் இரவு கற்பக விருட்சத்தில் விஸ்வகர்மேஸ்வரர், பிறகு ரிஷபத்தில் பார்வதி, மயிலில் பாலசுப்பிரமணியர், காமதேனுவில் நவநீதகிருஷ்ணர். ஆறாம் நாள் மகிஷாசுரமர்த்தினி, ஏழாம் நாள் பூஞ்சப்பரத்தில் ஆனந்த நடராஜர், எட்டில் கஜலட்சுமி, ஒன்பதில் அன்னத்தின் மேல் கலைமகள். உள்ளே அம்மன் இரவுக்கு ஒரு கோலம் பூணுகிறாள். வெளியே அவள் பிள்ளைகள் ஆளுக்கொரு கோலம் பூண்டு ஊர் ஊராகத் திரிகிறார்கள்.

பத்தாம் நாள் பிற்பகலிலிருந்து எல்லாச் சாலையும் குலசைக்குத் திரும்பும். 2025-ல் செப்டம்பர் 23 அன்று கொடியேறி, அக்டோபர் 2 இரவு சூரசம்ஹாரம் நடந்தது. சிறப்புப் பேருந்துகள், வேன்கள், லாரிகள், நடந்தே வரும் செட்டுகள் என்று எல்லாம் சிறிய ஊருக்குள் நுழைய, ஊர் எல்லையிலேயே வாகனங்கள் நிறுத்தப்படும். அங்கிருந்து நடைதான். பத்து நாள் வசூலித்த காணிக்கையை ஒவ்வொருவரும் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்கள். அதில் வீட்டுச் செலவுக்கு ஒரு காசு எடுத்தாலும் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது யாரும் எழுதிவைக்காத தணிக்கை விதி.

நள்ளிரவை ஒட்டி அம்மன் சிம்ம வாகனத்தில் சிதம்பரேஸ்வரர் கோயிலை ஒட்டிய கடற்கரைக்கு எழுந்தருள்வாள். அங்கே மகிஷாசுரன் முதலில் தன் சொந்த முகத்தோடு வந்து எதிர்க்கிறான். சூலம் பாய்கிறது. சிங்க முகம் வைத்துக்கொண்டு வருகிறான். மீண்டும் சூலம். எருமை முகம். கடைசியில் சேவலாக வருகிறான், அதுவும் வீழ்கிறது.

அந்தச் சேவலைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வடமொழித் தேவி மாகாத்மியத்தில் மகிஷன் எருமை, சிங்கம், வாளேந்திய மனிதன், யானை என்று மாறுகிறான். சேவல் அங்கே இல்லை. சேவல் வருவது முருகன் கதையில், சூரபத்மன் மாமரமாக நின்று, பிளக்கப்பட்டு, சேவலும் மயிலுமாக மாறும் இடத்தில். குலசைக்கு 13 கிலோமீட்டர் வடக்கே, திருச்செந்தூர்க் கடற்கரையில், சில வாரங்கள் கழித்து ஐப்பசிக் கந்த சஷ்டியில் நடக்கும் சூரசம்ஹாரத்தில் அந்தச் சேவல் வருகிறது. அண்ணன் தம்பி போல அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கரைகளில், மகன் வென்ற அசுரனின் கடைசி உருவத்தைத் தாய் வென்ற அசுரனும் எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றுகிறது. பண்டிதர்கள் ஒப்புவார்களோ என்னவோ, இந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அசுரன் சேவலாகாமல் செத்தால் ஆட்டம் முடிந்ததாகவே தோன்றாது.

2020-ல் கொரோனாக் கட்டுப்பாடு வந்தபோது கடற்கரைச் சூரசம்ஹாரம் நடக்கவில்லை. பக்தர்கள் இல்லாமல் கோயில் வளாகத்துக்குள்ளேயே அதை முடித்தார்கள். காப்புக் கயிறுகளைக் குழுப் பிரதிநிதிகள் வாங்கிப்போய் அந்தந்த ஊரிலேயே கட்டினார்கள். அடுத்த ஆண்டும் கோயில் வளாகத்துக்குள்தான். கடற்கரை இல்லாமல் தசரா நடக்குமா என்ற கேள்விக்கு அந்த இரண்டு வருடங்கள் பதில் சொல்லிவிட்டன: ஊர்களுக்குள் வேடம் நிற்கவில்லை.

துறைமுகம், ரயில், ராக்கெட்

குலசை எப்போதும் இப்படிப் புரட்டாசிக்கு மட்டும் விழிக்கும் ஊராக இருக்கவில்லை. பாண்டியர் காலத்துத் துறைமுகப் பட்டினம். ஊர்ப் பெயரே குலசேகரப் பாண்டியனைச் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இங்கே பனைவெல்லத்தை வாங்கிச் சர்க்கரையாக்கியது. அதற்காகவே 1915 முதல் 1940 வரை திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் நடுவே குலசை வழியாக ஒரு குட்டி ரயில் ஓடியது. தேரி மணலில் தண்டவாளம் போட்டு ரயில் விட்ட ஊர் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். 1942 ஆகஸ்ட் போராட்டத்தின் தொடர்ச்சியாக, உப்பளத்தில் லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டதும், அதற்காக நடந்த குலசேகரன்பட்டினம் சதி வழக்கும் நாடு முழுக்கப் பேசப்பட்டன. அதில் ராஜகோபாலன், காசிராஜன் ஆகிய இருவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது.

கப்பல் போனது, ரயில் போனது, ஆலை போனது. இப்போது வந்துகொண்டிருப்பது ராக்கெட்.

இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் மோடி தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார். அன்றைக்கே குலசையிலிருந்து ரோகிணி வகைச் சிறு ராக்கெட் ஒன்று பறந்தது. மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி பகுதிகளில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. ஏன் இந்த இடம் என்பதற்கு வரைபடமே விடை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவினால் வழியில் இலங்கை இருக்கிறது. அதைச் சுற்றி வளைத்துப் போக ராக்கெட் கூடுதல் எரிபொருளைச் செலவிட வேண்டும். 500 கிலோ அளவு சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவு பெரிய நட்டம். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் கடல், கடல், அண்டார்டிகாதான். 2025 ஆகஸ்டில் ஏவுமேடைக்குப் பூமிபூஜை போட்ட இஸ்ரோ தலைவர் வி. நாராயணன், 2026 டிசம்பருக்குள் பணிகளை முடிக்கத் திட்டமிட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு 24 ஏவுதல்கள் வரை நடக்கலாம் என்றும் சொன்னார். அவரும் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

கல்லாமொழிக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நிலக்கரி இறங்குதளமும், அதை நம்பிய 1,320 மெகாவாட் உடன்குடி அனல்மின் திட்டமும் இதே கரையில்தான். ஆக, முப்பது கிலோமீட்டர் மணலில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் மீன்பிடியும் அனல்மின்சாரமும் விண்வெளியும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மண்ணின் விலை ஏறிவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா, ஏவும் நாளில் படகு இறக்காதே என்றால் அன்றைய பாட்டுக்கு யார் பொறுப்பு என்று அமலிநகரிலும் ஆலந்தலையிலும் மணப்பாட்டிலும் பெரியதாழையிலும் பேசிக்கொள்கிறார்கள். கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டுப் பல முறை போராடிப் பழகியவர்கள் இந்தக் கரை மீனவர்கள். கேள்வி கேட்பதில் அவர்களுக்குக் கூச்சம் கிடையாது.

தசராக்காரர்களுக்கு ராக்கெட் மீது பகை இல்லை. வருகிற ஆண்டுகளில் விஞ்ஞானி வேடமும் விண்வெளி வீரர் வேடமும் பட்டியலில் சேரும் என்று தாராளமாக எதிர்பார்க்கலாம். அவர்கள் கேட்பவை பூமி சம்பந்தப்பட்டவை: பத்தாம் நாள் கூட்டத்துக்குப் போதுமான கழிப்பறை, குடிநீர், பெண்கள் வேடம் கலைத்து உடை மாற்ற ஒரு மறைவிடம், வண்டி நிறுத்த இடம். விடிந்ததும் கடற்கரையில் குவியும் ஞெகிழிப் புட்டியையும் அட்டைக் கிரீடத்தையும் அள்ளுகிற துப்புரவுப் பணியாளர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆள்பலம்.

பதினோராம் நாள் அம்மன் பூஞ்சப்பரத்தில் வீதி சுற்றிக் கோயில் சேர்ந்ததும் கொடி இறங்கும், காப்புக் களைவார்கள். ஊர் திரும்பிய செட்டில் அதற்கப்புறம்தான் காரசாரம். வாடகைக்கு எடுத்த கிரீடத்தில் உதிர்ந்த கண்ணாடிக் கற்களுக்குக் கடைக்காரர் பிடித்தம் செய்வார். வேன் டீசல் கணக்கு இடிக்கும். நையாண்டி மேளத்துக்கு அடுத்த ஆண்டு முன்பணம் இப்போதே கொடுப்பதா, செண்டைக்குப் போவதா என்று குடில் பிரித்த இடத்தில் உட்கார்ந்து விடியவிடியப் பேசுவார்கள். காளி கட்ட இரண்டு பேர் பெயர் கொடுத்திருப்பார்கள். ஒருவர் ஏற்கெனவே மூன்று வருடம் கட்டியவர், இன்னொருவர் சென்னையில் கடை வைத்திருப்பவர், நாற்பத்தெட்டு நாள் கடையை யாரிடம் விட்டுவிட்டு வருவாய் என்று அவரை மடக்குவார்கள். அவர் தம்பியிடம் விடுகிறேன் என்பார். தம்பியோ தனக்குக் குறத்தி வேடம் வேண்டும் என்று பின்வரிசையிலிருந்து குரல் கொடுப்பார்.